கோப்பிக் காலம் முதல் ஒப்பாரிக் கோச்சி வரை: மலையகப் புனைகதையிற் காலத்தைத் தேடல்

கடந்தகாலத்தைப் புனைகதையிலே காண விழையும் வாசகன் முதலிற் கேட்கும் வினா, ‘எக்காலத்துக் கதை?’ என்பதாகும். பல்லவர் காலம் என்றோ சோழர் காலம் என்றோ கேட்பானாயின், தமிழில் அவனுக்கு விடை தாமதமின்றிக் கிடைக்கும். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ அவனை ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சிக்கு அழைத்துச் செல்லும்; ‘பொன்னியின் செல்வன்’ பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டின் கதவைத் திறந்துவிடும். ஆனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தோட்டமொன்றிற் பிறந்த மாணவன், தன் பாட்டனுக்குப் பாட்டன் கோப்பிப் பழம் பறித்த காலத்துக் கதையொன்று வேண்டும் எனக் கேட்டால் அவ்வளவு விரைவாக விடை வாராது. ‘மலையக இலக்கியம்’ எனும் ஒரே பெயரின் கீழ் அடுக்கப்பட்ட நூல்கள் அவனுக்குக் காட்டப்படும். அவ்வடுக்கில் இடம் உண்டு, துயரம் உண்டு, காலம் மட்டும் பிரிக்கப்பட்டிராது.

பிறநாட்டு நிலையொன்றை இங்கு ஒப்புநோக்குதல் பயன்தரும். யப்பானியர் ‘மங்கா’ எனும் சித்திரக்கதைகளை வரலாற்றுக் காலத்தின் பெயராலேயே தேடிப் படிக்கின்றனர். எடோ காலம், மெய்ஜி காலம் என்பன அங்கு பாடநூற் சொற்களாக மட்டும் நின்றுவிடவில்லை. வாசகன் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும் சொற்களாகவும் ஆகிவிட்டன. 1994 முதல் 1999 வரை தொடராக வந்த ‘ருரோனி கென்ஷின்’ மெய்ஜி ஆட்சியின் பதினோராம் ஆண்டை, அதாவது 1878 ஐ, தன் தொடக்கமாகக் கொள்கிறது. 1973 இல் வெளிவரத் தொடங்கிய ‘வெறுங்கால் ஜென்’ 1945 இன் ஹிரோஷிமாவை, அக்குண்டுவீச்சிற்குத் தப்பிய கெய்ஜி நகஸவாவின் கையாலேயே வரைந்து காட்டுகிறது. இவை இரண்டினும் நம் கவனத்துக்கு உரியது ஸன்பெய் ஷிரதோ 1964 முதல் 1971 வரை வரைந்த ‘கமுய் தென்’ ஆகும். எடோ காலத்தைக் களமாகக் கொண்ட அக்கதையின் நடுவே நிற்போர் ஒதுக்கப்பட்ட குலத்தவரும் குடியானவருமே. வரலாற்றுக் கதைக்கு அரண்மனை இன்றியமையாதது அன்று என்பதை அச்சித்திரக்கதை அக்காலத்துப் பல்கலைக்கழக மாணவர்க்கு உணர்த்திற்று. தமிழில் ‘வரலாற்று நாவல்’ எனும் தொடர் மன்னர் கதை என்ற பொருளிலேயே உறைந்துபோனமை, மலையகத்தின் கடந்தகாலம் கதையாகத் தாமதித்தமைக்கு ஒரு காரணம் எனலாம்.

மலையகத் தமிழர்தம் வரலாற்றை மன்னர் பெயரால் வகுக்க இயலாது. அவ்வரலாறு பயிராலும் சட்டத்தாலும் வகுபடுவது. 1820களில் தொடங்கி 1880களிற் சரிந்த கோப்பிக் காலம்; அதன் மேல் எழுந்த தேயிலையும், துண்டு முறையும், கங்காணியின் மேலாதிக்கமும் நிலவிய காலம்; 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்ததோடு வெளிப்படையாகும் தொழிற்சங்கக் காலம். 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் வந்த நாடற்ற காலம். 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் 1975 இன் தோட்டத் தேசியமயமும் கொணர்ந்த சிதறலின் காலம் என ஐந்தாக அதனைப் பகுக்கலாம். ஒவ்வொரு காலத்துக்கும் தனித்த நடைமுறைகள் உண்டு; தனித்த அச்சங்களும், அவற்றிலிருந்து தப்புவதற்கான தனித்த வழிகளும் உண்டு.

இக்காலங்களைப் புனைகதையில் தேடும்போது இருவகை நூல்களை வேறுபடுத்திக் காண்டல் வேண்டும். தன் காலத்தையே எழுதி, ஆண்டுகள் கழிந்தமையால் வரலாறாகிவிட்டவை ஒருவகை. தான் காணாத காலத்தைத் திரும்பி நோக்கி எழுதப்பட்டவை மற்றொரு வகை. முன்னதற்குச் சாட்சியின் வலிமை உண்டு. பின்னதற்கு ஆய்வின் பொறுப்பு உண்டு. இருவகைக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றை முன்வைக்கலாம். கதையை இருபது ஆண்டு முன்னோ பின்னோ நகர்த்திப் பார்த்தால் அது குலைகிறதா என்பதே அது. குலையாது நிற்குமாயின், அக்கதையிற் காலம் வெறும் திரைச்சீலை. குலையுமாயின், காலம் அங்கு ஒரு பாத்திரமாகவே இயங்குகிறது.

கோப்பிக் காலத்தை முதலில் நோக்குவோம். அதனை நேரிற் கண்டோர் தமிழில் எழுதியவை மிகச் சில. 1869 இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அவற்றுள் முதன்மையானது. கோப்பிச் செய்கையின் முறைகளைக் கும்மி மெட்டில் விளக்கும் அந்நூல், துரைமாரின் பக்கம் நின்று தோட்டத்தைப் பார்க்கிறது. மு. நித்தியானந்தன் தமது ‘கூலித்தமிழ்’ நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். உழைத்தோரின் குரலைக் கேட்க வேண்டுமாயின் ஏட்டை விடுத்து வாய்மொழிக்கே செல்லல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’, சாரல்நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ ஆகியன இவ்வகையிற் பெரும் பணி புரிந்தன. எனினும் நாட்டார் பாடலுக்கு ஆண்டு இல்லை. கங்காணியை ஏசும் பாடலொன்று 1850 இற் பிறந்ததா 1920 இற் பிறந்ததா எனத் துணிந்து கூறல் அரிது. பாடல் உணர்வைக் காத்துத் தந்தது. காலத்தைக் காத்துத் தரவில்லை.

அவ்வெற்றிடத்தை நிரப்பும் முயற்சிகள் இந்நூற்றாண்டிலேயே வலுப்பெற்றன. மாத்தளை சோமுவின் ‘கண்டிச் சீமை’, மு. சிவலிங்கத்தின் ‘பஞ்சம் பிழைக்க வந்த சீமை’ ஆகிய நாவல்கள் திரும்பி நோக்கும் வகையைச் சார்ந்தவை. கிறிஸ்டின் வில்சனின் ஆங்கில நாவலை இரா. சடகோபன் ‘கசந்த கோப்பி’ எனத் தமிழாக்கினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தாமதித்து வந்த இம்முயற்சிகளை வரவேற்பதோடு வாசகனின் கடமை முடிந்துவிடாது. கோப்பிக் காலத்துக் கதை எதனையும் மதிப்பிடுங்கால், அக்காலத்துக்கே உரிய உண்மைகள் அதில் இயங்குகின்றனவா எனக் காணல் வேண்டும்.

அவ்வுண்மைகளுட் சிலவற்றை ஈண்டுச் சுட்டலாம். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆட்கள் பெருந்தொகையாக வந்து, பருவம் முடிந்ததும் கையிற் கிடைத்ததோடு ஊர் திரும்ப முயன்றனர். வந்தோரில் மிகப் பெரும்பாலோர் ஆடவர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த அவ்வடபாதையில் பேதியும் காய்ச்சலும் பசியும் எண்ணற்றோரைப் பலிகொண்டன. தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தரும் செடி. அதற்கு ஆண்டு முழுதும் கைகள் வேண்டும். அக்கைகளிற் பெரும்பகுதி பெண்களுடையவை. யேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டதும், 1869 இல் மடுல்சீமையிற் கோப்பி இலையில் துருநோய் காணப்பட்டதும் வேளாண்மைச் செய்திகள் மட்டுமல்ல. வந்து திரும்பியோரை வந்து தங்கியோராக்கிய மாற்றத்தின் தொடக்கம் அவை. குடும்பம் லயத்தில் நிலைபெற்றதும், பிள்ளைகள் ‘அரைப்பேர்’ போட்டு மலைக்குச் சென்றதும், இறந்தோரைத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்ததும் இம்மாற்றத்தின் விளைவுகள்.

ஆகவே, 1840களைக் களமாக்கும் கதையில் தாயும் மகளும் கூடை சுமந்து நிரை பிடிப்பாராயின், அங்கே தேயிலைக் காலம் கோப்பிக் காலத்தின் உடையைப் போர்த்துக்கொண்டு வந்துள்ளது என்பதே பொருள். அவ்வாறே, புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது 1885 இல் என்பதை மறந்து, அதற்கு முந்திய தலைமுறையைக் கோச்சியேற்றி அப்பாற்பட்ட மலைக்கு அனுப்பும் கதையும் தவறும். இவை சிறு பிழைகள் அல்ல. நடந்து வந்தவனுக்கும் கோச்சியில் வந்தவனுக்கும் ஊர் எவ்வளவு தொலைவு என்பது வேறுவேறு. திரும்பிப் போகலாம் என்ற நம்பிக்கையின் அளவும் வேறுவேறு.

தேயிலைக் காலத்தின் முற்பகுதிக்கு இலக்கியச் சான்றுகள் சற்றே கூடுதலாக உள. புதுமைப்பித்தன் 1935 இல் எழுதிய ‘துன்பக்கேணி’ அவற்றுட் புகழ்பெற்றது. திருநெல்வேலிச் சீமைக் கிராமமொன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதியின் கதை அது. தோட்டத்தில் வாழ்ந்தவரல்லர் புதுமைப்பித்தன். ஆகவே மலையின் அன்றாடம் அக்கதையில் அடர்த்தியாக இல்லை. அதன் வலிமை புறப்படும் இடத்திலே உள்ளது. ஊரின் சாதியும் வறுமையும் ஒருத்தியைத் துறைமுகம் வரை தள்ளிவிடும் முறையை அக்கதை தெளிவாகக் காட்டுகிறது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) அப்பயணத்தின் மறுமுனையை, தோட்டத்து வாழ்வைத் தலைமுறைகளூடாகச் சொல்ல முனைகிறது. தலைமுறைகளைத் தொடர்ந்து சொல்லும் நாவல், வாசகனைக் காலத்தின் ஓட்டத்துக்குள் கொண்டுவருவதற்கு மிகவும் ஏற்ற வடிவம். பெண்ணின் வாழ்வை மையமாக்கியமையும் அந்நாவலின் தகுதியை உயர்த்துகிறது. ஏனெனில் கோப்பியிலிருந்து தேயிலைக்கு வந்த மாற்றத்தின் பெருஞ்சுமை பெண்ணின் முதுகிலேயே இறங்கிற்று.

எனினும் இக்காலத்தின் மிகக் கூரிய கருவி கதைகளிற் போதிய இடம் பெறவில்லை. அதுவே ‘துண்டு’. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடனை ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு தாள் அது. மற்றொரு தோட்டம் அக்கடனைக் கட்டிவிட்டால் ஆட்கள் அங்கே சேர்வர். கடன் மட்டும் அவர்களை விட்டு நீங்காது. ஒரு தாள் கைமாறும்போது ஒரு குடியிருப்பே கைமாறிற்று. 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இம்முறை நிலவியது. கதைக்கு வேண்டிய முரண் அனைத்தும் அத்தாளில் அடங்கியுள்ளன. கங்காணி பாதுகாவலனாகவும் விற்பவனாகவும் ஒரே வேளையில் நிற்கிறான். துரைமாரோ ஆட்களுக்காகத் தமக்குள் போட்டியிடுகின்றனர். தொழிலாளியின் நிலை இவற்றினும் சிக்கலானது: கடனிற் கட்டுண்டவனே தன் உழைப்புக்குக் கிராக்கி உண்டென்பதையும் அறிவான். கங்காணியைக் கொடியவனாக மட்டும் தீட்டும் கதைகள் பல. அவனை அத்தாளுக்கு இடையில் நிறுத்திக் காட்டும் கதைகள் சில. துண்டை அறியாத கதை கங்காணியின் குணத்தை மட்டுமே அறியும். அவனை ஆக்கிய முறையை அறியாது.

தொழிற்சங்கக் காலத்துக்கு வரும்போது சாட்சியும் எழுத்தும் ஒருவரிடத்தே இணைந்திருப்பதைக் காணலாம். 1914 இல் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதிப் பிரதிநிதியானவர், தொழிற்சங்கவாதி, 1984 இல் மறையும்வரை எழுதியவர். அவரது ‘வீடற்றவன்’ தோட்டத்திற் சங்கம் அமைக்க முனையும் தொழிலாளியின் கதை. முன்வைக்கப்பட்ட அளவுகோலை அதற்குப் பொருத்திப் பார்க்கலாம். லயத்துக் காம்பரா தோட்டத்துக்கு உரியது. வேலை போனால் கூரையும் போய்விடும். சங்கம் உரிமையைப் பேசத் தொடங்கி, ஆனால் நிர்வாகத்தின் பற்றுச்சீட்டுக்கு முன்னே வலுவற்று நின்ற காலத்தில் மட்டுமே அக்கதை நிகழ முடியும். முன்னே நகர்த்தினால் சங்கம் இராது. மிகப் பின்னே நகர்த்தினால் வெளியேற்றம் அத்துணை எளிதாய் இராது. தலைப்பே அக்காலத்தின் சட்டநிலையைக் கூறிவிடுகிறது.

ஆனால் இதே காலத்தின் பெருநிகழ்வுகள் பல இன்னும் நாவலாசிரியனை எதிர்நோக்கியே நிற்கின்றன. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் சூட்டில் கோவிந்தன் எனும் தொழிலாளி உயிரிழந்தார். தொழிலாளரின் வரலாற்று நினைவில் அப்பெயர் தொடர்ந்து சொல்லப்படுகிறது. கதையில் அதன் தடம் மெல்லியது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு வாக்குரிமை பறிக்கப்பட்டமையும், 1952 இன் சத்தியாக்கிரகமும் அரசியல் நூல்களில் நிரம்ப உள. அவ்வாண்டுகளையே களமாக்கி, நேற்று வாக்களித்த ஒருவன் இன்று எவ்வாறு அந்நியனானான் என்பதை ஒரு காம்பராவுக்குள் வைத்துக் காட்டும் நாவல் எளிதிற் கைக்கு எட்டுவதில்லை. சட்டம் வந்த நாளில் மலையில் எவரும் அடிபடவில்லை. பெரட்டு வழக்கம்போல நடந்தது. கொழுந்து வழக்கம்போல நிறுக்கப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத இழப்பைக் கதையாக்குதல் கடினமே. ஆயினும் அக்கடினத்தை ஏற்பதற்கே புனைகதை எனும் வடிவம் உள்ளது.

எழுபதுகளின் நிலை வேறு. கல்வி பெற்ற தலைமுறை எழுத்துக்கு வந்துவிட்டது; வீரகேசரிப் பிரசுரம் போன்ற களங்களும் திறந்தன. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974 இலும், தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ 1979 இலும் வெளிவந்தன. இவை தம் காலத்தை எழுதியவை, இன்று வரலாறாகியவை. ‘குருதிமலை’ நம் அளவுகோலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. தோட்டக் காணிகளைப் பிரித்தெடுக்கும் முயற்சிக்கு எதிராகத் தொழிலாளர் நிற்பதே அந்நாவலின் உயிர். வெள்ளைக் கம்பனிகள் தோட்டங்களை ஆண்ட ஐம்பதுகளுக்கு அதனை நகர்த்தினால் கதை ஓர் அத்தியாயமும் நகராது. ஏனெனில் நிலம் அரசின் கைக்கு வந்த பின்னரே அம்முரண் பிறக்கிறது. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் சுடப்பட்ட நிகழ்வை அறிந்த வாசகன், அந்நாவலைப் புனைவாக மட்டும் படிக்க இயலாது.

இக்காலத்தின் மற்றொரு முகம் பிரிவு. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதிய ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணாகக் கொண்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு அப்பெயரையே சூட்டினார். எந்த வரலாற்றாசிரியனும் அக்காலத்துக்கு இதனினும் பொருத்தமான பெயரைத் தந்துவிட முடியாது. மக்கள் தம் காலங்களுக்குத் தாமே பெயரிட்டுள்ளனர் என்பதற்கு இது சான்று. கோப்பிக் காலம், துண்டுக் காலம், பஞ்ச காலம் என்பனவும் அவ்வாறு வந்தவையே. வகுப்பு முறையைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. கேட்டு எழுதிக்கொண்டாற் போதும்.

இத்துணையும் நோக்கிய பின் எழும் வினா, இவ்வேறுபாடுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதாகும். லயம் மாறவில்லை, வறுமை மாறவில்லை, ஆகவே எக்காலத்துக் கதையும் ஒன்றே எனச் சிலர் வாதிக்கலாம். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பெரும் ஆபத்தும் உண்டு. துயரத்தை மாறாத ஒன்றாகக் காட்டும் எழுத்து, துயரத்தை இயற்கையாக்கிவிடுகிறது. மழையும் பனியும் போல அதுவும் மலையின் குணமாகிவிடுகிறது. காலத்தைப் பிரித்துக் காட்டும் எழுத்தோ, ஒவ்வொரு துயரத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு, அதனைத் தொடக்கிய ஒரு சட்டமோ ஒரு கணக்கோ உண்டு என உணர்த்துகிறது. துண்டு முறை ஒரு நாள் வந்தது. ஒரு நாள் போயிற்று. வாக்குரிமை ஒரு நாள் பறிக்கப்பட்டது. பின்னர் படிப்படியாக மீண்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்ற நிலை பெரிதும் நீங்கிற்று. தொடக்கமுள்ளதற்கு முடிவும் உண்டு எனும் அறிவை, காலமற்ற ஒப்பாரி தர இயலாது.

அன்றியும், காலமற்ற சித்திரம் எதிர்த்தோரையும் மறைத்துவிடுகிறது. பருவம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடியவன், ஒரே இரவில் குழுவோடு மலை மாறியவன், முதன்முதலாகச் சங்கத்துக்குச் சந்தா கொடுத்தவள் ஆகியோர் ஒவ்வொரு காலத்துக்கும் உரிய வழிகளில் எதிர்த்தவர்கள். அவ்வழிகளை அறியாத கதையில் அவர்கள் அழுவோராக மட்டுமே தோன்றுவர்.

2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்ட மலையக மக்களின் நடைப்பயணமொன்று ஆகஸ்டில் மாத்தளையை வந்தடைந்தது. முன்னோர் நடந்த வடபாதையை அவர்தம் வழித்தோன்றல்கள் 200 ஆண்டு நினைவாக மீண்டும் நடந்தனர். அவ்வழியில் நடந்த இளைஞன் ஒருவன் மாத்தளையை அடைந்தபின், முதன்முதல் நடந்தவனின் கதையைப் படிக்க விரும்பினால் அவன் கையிற் கொடுக்கத்தக்க நூல்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். இருப்பவற்றையேனும் அவன் தேடிக் காணுமாறு, மலையகப் புனைகதைகளை எழுதப்பட்ட ஆண்டால் மட்டுமன்றிக் கதை நிகழும் காலத்தாலும் வகுத்த பட்டியலொன்றைத் தமிழ்த்துறைகளும் தோட்டப்புறப் பாடசாலை நூலகங்களும் ஆக்கித் தரலாம். அப்பட்டியலிற் சில பக்கங்கள் வெறுமையாகவே இருக்கும். அவ்வெறுமையைக் காண்பவர்களுள் எவரேனும், தம் லயத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் முதியவரின் அருகே அமர்ந்து, ‘அது எந்தக் காலம்?’ எனக் கேட்கத் தொடங்கினால் அப்பக்கங்கள் நிரம்பத் தொடங்கும்.